படகோட்டியின் மேலங்கி

அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தையல்காரி என்று பெயர். உண்மையில் ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குப் பொறுமை கிடையாது. சட்டையில் பொத்தான் அறுந்தால் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டு வருகிற ரகம். கம்ப்யூட்டர் கேமில் வருகிற மனிதர்களுக்குத் துணி உடுத்துவதுதான் அவள் வேலை. உடுத்துவது என்றால் வரைந்து ஒட்டிவிடுவது அல்ல. ஆள் நடந்தால் ஓரம் காலில் தட்ட வேண்டும். சட்டென்று திரும்பினால் துணி கொஞ்சம் பிந்தித் திரும்ப வேண்டும். நின்றால் அதுவும் ஆடி அடங்க வேண்டும். துணியைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியை எவ்வளவு இழுக்கலாம், உடம்பை விட்டு எவ்வளவு தூரம் விலகலாம் என்று அவள் சொல்லிக்கொடுப்பாள். மிச்சக் கணக்கை இயந்திரம் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

ஒற்றைத் துணி என்றால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். துணிக்கு மேல் துணி என்றால்தான் வம்பு. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் வந்து நிற்கும். உள்சட்டை கோட்டைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளச் சொன்னால் இரண்டும் மாறி மாறித் தள்ளி, கடைசியில் துணி வெடித்துவிடும். வெடிப்பது என்று அவர்கள் சொல்வது, காற்றில் மாட்டிய குடை மாதிரி துணி நாலா பக்கமும் கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டு நிற்பதை.

அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்திருந்தாள். கேமில் வரும் பெண் படகோட்டிக்கு ஓர் உள்சட்டை, அதன்மேல் கையில்லாத கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் முழங்காலைத் தாண்டும் கோட்டு. பார்க்கிறவனுக்கு மூன்று அடுக்கு. நிஜத்தில் உள்சட்டைக்குக் கழுத்துப் பட்டையும் இரண்டு மணிக்கட்டும் மட்டும்தான் உண்டு. கம்பளிக்கு நெஞ்சில் ஒரு கீற்று. கோட்டு மறைக்கிற இடத்தில் துணி கிடையாது, உடம்பும் கிடையாது. கழற்றினால் ஒரு தலையும் இரண்டு கையும் அந்தரத்தில் மிதக்கும். "யாரும் கழற்றப் போறதில்லையே" என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டுதான் செய்தாள்.

பிழைகளை எழுதிப் போடுகிற பொதுத் திரையில் ஒரு தடவை அவள், "கோட்டை உடைத்துக்கொண்டு கம்பளி வெளியே வருகிறது" என்று எழுதினாள். சுவர்களும் கட்டடங்களும் செய்கிற பையன் முதல் இரண்டு சொல்லைப் படித்துவிட்டு, பாதி நாள் தன்னுடைய கோட்டையைச் சுற்றிச் சுற்றி விரிசல் தேடினான். அதிலிருந்து பொதுத் திரையில் கோட்டு என்ற சொல்லுக்குத் தடை. மேலங்கி என்றுதான் எழுத வேண்டும்.

அவள் கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான். அவன் அனிமேட்டர். ஆட்களை நடக்க வைப்பது, உட்கார வைப்பது, விழ வைப்பது அவன் பொறுப்பு. அவன் உடம்பை ஆட்டிக் கொடுத்த பிறகுதான் அவள் துணியைத் தொட முடியும். பழக்கமே அப்படி வந்ததுதான். கல்யாணத்தின்போது, உடம்புக்கும் துணிக்கும் முடிச்சுப் போட்டாயிற்று என்று கிண்டல் செய்த அதே ஆட்கள், இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காபி இயந்திரத்தை நோக்கி எழுந்தால், தாங்கள் எழுந்த காரியத்தை மறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவன் வீட்டை விட்டுப் போய் ஒரு நண்பனின் மாடி அறையில் தங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை அவனை நீ, வா, போ என்று பேசியவள், அவன் போன மறுநாளே அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் "நீங்க" என்றாள். மரியாதை கொடுத்தே ஓர் ஆளைத் தள்ளி வைப்பது தமிழில் சுலபம்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குழந்தை வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னவன் அவன். அவளுக்கு அப்போது குழந்தை இருப்பதும் இல்லாததும் ஒன்றாகத்தான் தெரிந்தது, சரி என்றுவிட்டாள். வருடங்கள் ஓடின. ஒருநாள் மாமியார் போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவர், குரலைத் தணித்து, "அவன் ஆசைப்பட்டான். உனக்கு இஷ்டமில்லாததை நாங்க வற்புறுத்த முடியுமாம்மா? விடு" என்றார். அவன் இத்தனை நாளாக வீட்டில் என்ன சொல்லிவைத்திருந்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் கேட்டாள்.

"அம்மா நச்சரிப்பாங்க. உன் பேரைச் சொன்னா விட்டுடுவாங்க, அதான் சொன்னேன். இதுல என்ன இருக்கு?" என்றான்.

பொய் சொன்னதைக்கூட அவள் செரித்திருப்பாள். "இதுல என்ன இருக்கு" தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இப்படி இருக்கையில்தான் மேஸ்திரி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். அவர்தான் கேமின் இயக்குநர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டடம் எழும்புகிற இடத்தில் நடப்பதுபோல மேசை மேசையாக நடப்பார். அதனால் வந்த பெயர். கதை எழுதுகிற அம்மாள் கடைசிக் காட்சியை மாற்றிவிட்டாராம். ஆற்றைக் கடக்கும்போதே பயணி இறந்துவிடுகிறான். படகோட்டி துடுப்பை வைத்துவிட்டு, தன் மேலங்கியைக் கழற்றி அவன்மேல் போர்த்துகிறாள்.

"கழற்றியா?" என்றாள் தையல்காரி.

"ஆமா. வெட்டு கிட்டு எதுவும் வேணாம். கேமரா நகராம நிக்கும். கழற்றுறதை முழுசாப் பாக்கணும்."

"உள்ள ஒண்ணுமே இல்லையே."

"என்ன ஒண்ணுமே இல்ல?"

அவள் திரையில் கோட்டை மட்டும் மறைத்துக் காட்டினாள். தலை, இரண்டு கை, நெஞ்சில் ஒரு கம்பளிக் கீற்று, அப்புறம் பூட்ஸ். மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போட்டுடு" என்றார், பின்னால் கட்டிய கையை எடுக்காமலே. "அனிமேட்டரோட உக்காந்து பேசிக்கோ."

அவர்கள் உட்கார்ந்து பேசவில்லை. அவன் அசைவை அனுப்பினான், அவள் துணியை ஏற்றினாள், துணி வெடித்தது. திருப்பி அனுப்பினாள். அவன் தோளைக் கொஞ்சம் மெதுவாக்கி அனுப்பினான். இந்தத் தடவை கோட்டு கழன்றது, கூடவே கம்பளியும் உரிந்துகொண்டு போனது. பொதுத் திரையில் அவர்கள் எழுதிக்கொண்டது, பார்க்கிறவர்களுக்கு இரண்டு அரசாங்க அலுவலகங்கள் கடிதம் போட்டுக்கொள்வது போலிருந்தது. கடைசியில் அவள் எழுந்து அவன் மேசைக்கே போனாள். கூடத்தில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"நடுவுல ஒரு இடத்துல நிக்கணும்," என்றாள். "கோட்டு தோள்லேர்ந்து இறங்குற வரைக்கும் அது உடம்போட ஒட்டியிருக்கு. அப்புறம் கையோட ஒட்டணும். மாத்திக் கட்ட எனக்கு ஒரு மூச்சு நேரம் வேணும். நீங்க ஆட்டிக்கிட்டே இருந்தா எங்க கட்டுறது?"

"செத்துக் கிடக்கிறவன் முன்னாடி ஒருத்தி பாதிக் கோட்டோட நின்னு யோசிப்பாளா? பொய்யா இருக்கும்."

"பொய்யைப் பத்தி நீங்க சொல்றீங்க."

அவன் காது சிவந்தது. எதிர் மேசைக்காரன் காதில் மாட்டிக்கொள்ள எதையோ அவசரமாகத் தேடினான். மேஸ்திரி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நிஜமாக் கழற்றிப் பாருங்கப்பா. படம் எடுத்துப் பாத்தா நிக்கிறாங்களா இல்லையான்னு தெரிஞ்சுடப் போகுது" என்றார். நியாயமான யோசனைதான்.

படம் எடுக்கிற அறை கூடத்தின் மூலையில் இருந்தது. சன்னல் கிடையாது. தரையில் மெத்தை போட்டு, இரண்டு தாங்கிகளில் கேமரா நிறுத்தியிருந்தார்கள். அனிமேட்டர்கள் விழுவதையும் உருள்வதையும் தாங்களே நடித்துப் பார்க்கிற இடம். படகோட்டிக்கும் தையல்காரிக்கும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் அவளே உடுத்திக்கொண்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டை, அதன்மேல் வரவேற்பில் இருக்கிற பெண்ணின் கையில்லாத கம்பளி, அதற்கு மேல் மேஸ்திரியின் குளிர்காலக் கோட்டு. கோட்டு அவளுக்கு முழங்காலைத் தாண்டி வந்தது. பிணமாகப் படுக்க ஒப்புக்கொண்ட ஒலிக்காரர் கடைசி நேரத்தில், "தரையில படுத்தா இடுப்பு பிடிச்சுக்கும், அப்புறம் நீங்கதான் என்னைத் தூக்கணும்" என்று நழுவிவிட்டார். வேறு வழியில்லாமல் அனிமேட்டரே கேமராவைத் தட்டிவிட்டு வந்து மெத்தையில் மல்லாந்தான்.

அவள் கழற்றினாள். தினமும் செய்கிற காரியம், யோசிக்க ஒன்றுமில்லை. குனிந்து அவன்மேல் போர்த்தினாள். முகம் வரைக்கும் இழுத்துவிட்டாள், காட்சி அப்படித்தான். பிறகு எழுந்து நிற்க வேண்டும்.

"நேத்து அம்மாகிட்ட பேசினேன்," என்றது கோட்டு.

அவள் குனிந்தபடியே நின்றாள்.

"குழந்தை வேணாம்னு சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் சொல்லலன்னும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. போனை வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன், வெக்கல."

கோட்டின் நெஞ்சுப் பகுதி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. செத்தவனுக்கு இவ்வளவு மூச்சு ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது.

"பிணம் பேசக்கூடாது," என்றாள். "எடுத்தது வீணாப் போச்சு. கேமராவைப் போட்டுட்டு வந்து படு. இன்னொரு தடவை எடுக்கலாம்."

அவன் எழுந்து கேமராவை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். அவள் கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அவன் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது தடவை கோட்டு தோளிலிருந்து இறங்கி முழங்கைகளில் தொங்கியபோது அவள் நின்றாள். கைகள் பின்னால், கோட்டு அரைகுறையாகத் தொங்க, கீழே கிடந்தவனைப் பார்த்தபடி. அப்புறம் இடது கையை உருவினாள், வலது கையை உருவினாள், போர்த்தினாள். அவன் அசையவில்லை.

"பொத்தான் மாட்டிக்கிச்சு," என்றாள் எழுந்ததும். பொத்தான் மாட்டியது உண்மைதான். மாட்டிய பொத்தானை விடுவிக்க அவ்வளவு நேரம் ஆகாது என்பதும் உண்மைதான்.

சாயங்காலம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே திரை; இரண்டு நாற்காலி. அவள் தன்னையே ஒரு வேற்றாள்போலப் பார்த்தாள். கழற்றுகிறவள், கோட்டின் கைக்குள்ளிருந்து கையை இழுக்கும்போது உள்சட்டையின் நுனியை விரலால் பிடித்துக்கொள்கிறாள், சட்டைக் கையும் கூடவே சுருண்டு வராமல் இருக்க. கம்பளி முதுகில் ஏறிக்கொள்கிறது. கோட்டு போனதும் ஒரு கையால் அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறாள். இந்த இரண்டையும் தான் செய்தது அவளுக்கு ஞாபகமே இல்லை.

"இதைப் போட்டா உள்சட்டை ஏன் கோட்டோட சேந்து வரலன்னு யாரும் கேக்க மாட்டாங்க," என்றான் அவன், அந்த விரல்களைக் காட்டி. "அவளே பிடிச்சுக்கிறாளே."

"பிடிச்சுக்கட்டும். நான் அந்த நுனியைக் கையோட கட்டிடறேன்."

நின்ற இடம் வந்தது. அவன் படத்தை அங்கே நிறுத்தவில்லை, ஓடவிட்டான். முடிந்ததும், "நிக்கிறா" என்றான்.

"ம்."

"பொய்யாத் தெரியல."

ஏன் நின்றாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொத்தான் என்றுதான் அவள் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. அவள் படகோட்டிக்கு முதன்முதலாக முழு உடம்பு கொடுத்தாள், முழுச் சட்டை கொடுத்தாள். எல்லாத் துணியும் எல்லாத் துணியோடும் மல்லுக்கட்டுவதை நிறுத்தி வரிசை வைத்தாள். முதலில் உள்சட்டை தன் கணக்கை முடிக்கும். அது உடம்பை மட்டும் பார்த்தால் போதும். அது முடிந்த பிறகு கம்பளி, அந்தச் சட்டையையே உடம்பாக நினைத்துக்கொண்டு. கடைசியில் கோட்டு. மேலே இருப்பது கீழே இருப்பதற்கு வழிவிட வேண்டும். கீழே இருப்பது மேலே என்ன நடக்கிறது என்று கண்டுகொள்ளவே கூடாது. துணி எங்கே எவ்வளவு அசையலாம் என்று இயந்திரத்துக்கு நிறத்தால் சொல்ல, தோளும் கழுத்தும் அசையாதபடி கறுப்புப் பூசினாள். ஓரங்கள் தாராளமாக அசையும்படி வெள்ளை. நடுவில் சாம்பல், கை போன போக்கில் அல்ல, மடிப்பு மடிப்பாக. நின்ற இடத்தில் கோட்டைத் தோளிலிருந்து அவிழ்த்துக் கையில் கட்டினாள். இரண்டு தடவை வெடித்தது. மூன்றாவது தடவை கோட்டு முழங்கைகளில் தொங்கி, சின்னதாக ஆடி, அடங்கியது. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அவ்வளவுதான்" என்றான். அவளும் "அவ்வளவுதான்" என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம் மாமியார் கூப்பிட்டார். அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"நீ ஏம்மா அப்பவே சொல்லல?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார் மாமியார். "நான் என்னென்னவோ பேசியிருக்கேன். என் அக்காகிட்ட பேசியிருக்கேன், நாத்தனார்கிட்ட பேசியிருக்கேன். இப்ப போய் இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

"நீங்க கேக்கலையே அத்தை."

"அதுவும் சரிதான்." பிறகு, "இப்பக் கேக்கிறேன். உனக்கு வேணும்னு இருந்துச்சா?" என்றார்.

அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். அவனுடைய பொய், வேண்டாம் என்றவள் அவள்தான் என்று சொல்லியிருக்கிறது. இத்தனை பேர் சொன்னதில் அவள் சொன்னது எங்கே என்று தேடிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயதில் அதை முதல் தடவையாகக் கேட்கிற ஆள் மாமியாராக இருப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"தெரியல அத்தை," என்றாள். "யோசிச்சதே இல்ல."

"யோசி," என்றார் மாமியார். அதட்டலாகத்தான் சொன்னார்.

காட்சி முடிந்ததும் அலுவலகம் மொத்தமும் கூடத்தில் நின்று பெரிய திரையில் பார்த்தது. ஆறு, மூடுபனி, துடுப்பு வைக்கிற சத்தம். படகோட்டி கழற்றினாள், நின்றாள், போர்த்தினாள், முதுகில் ஏறியிருந்த கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பத் துடுப்பை எடுத்தாள். கதை எழுதிய அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஸ்திரி, "படகு ஆடறது கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி சரி" என்றார். இசை நன்றாக இருந்தது என்றார்கள், தண்ணீர் நன்றாக இருந்தது என்றார்கள். துணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. துணி சரியாக அமைந்தால் அப்படித்தான். அவள் திருப்தியாக வீட்டுக்குக் கிளம்பினாள்.

படிக்கட்டில் அவன் பின்னாலேயே வந்தான். பாதி இறங்கியதும், "ஒரு நிமிஷம்" என்றான். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"வீட்டுக்கு வரட்டுமா?"

"வேணாம்."

"கோவமா?"

"கோவமா இருந்தப்ப வந்திருந்தா சண்டை போட்டுச் சேந்திருப்போமோ என்னமோ. இப்பக் கோவம் இல்ல."

அவன் அதை யோசித்தான். கோபம் இல்லை என்பது நல்ல செய்தி இல்லை என்று புரிந்துகொள்ள அவனுக்கு இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது.

"தப்பு என் மேலதான்," என்றான்.

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். இருந்தாலும் உன்கிட்டச் சொல்லணும்ல. அம்மாகிட்ட சொன்னேன், உன்கிட்டச் சொல்லவே இல்ல."

"ஆமா, சொல்லல," என்றாள். அப்புறம், "இப்பச் சொல்லிட்ட" என்றாள். வாசலில் மழை தூறியது. அவனிடம் குடை இருந்தது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தான். பேருந்து வந்ததும் அவள் ஏறிக்கொண்டாள்.

மறுவருடம் சட்டப்படி பிரிந்தார்கள். வக்கீலே ஆச்சரியப்படும் அளவுக்குச் சுமுகமாக நடந்தது. அவன் வேறு கம்பெனிக்குப் போனான். போகும்போது மேசையைக் காலிசெய்ய அவளும் கூட நின்று உதவினாள். அவளுக்கு அடுத்த வேலையாகக் குதிரைக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு போர்வை, குதிரைக்கு ஒரு போர்வை, காற்று வேறு எதிர்ப்பக்கம்.

மாமியார் கேட்டதை யோசித்துப் பார்த்தாள். அவசரப்படாமல், ஒரு கோடை முழுக்க யோசித்தாள். பிறகு ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். இந்த வயதில், தனியாக, என்னவெல்லாம் முடியும், என்னவெல்லாம் முடியாது என்று வெறுமனே கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான். தனியாகவே போவதாகத்தான் இருந்தாள். போனில் வாய்தவறிச் சொல்லப்போக, மாமியார் முதல் ரயிலைப் பிடித்து, ஒரு பையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து இறங்கிவிட்டார். மாமியார் என்று இனிச் சொல்லலாமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் பெயரையும் வயதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "இவங்க?" என்றாள்.

"அத்தை," என்றாள் தையல்காரி.

அத்தை என்றால் அப்பாவின் தங்கையாக இருக்கலாம், மாமாவின் மனைவியாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். வரவேற்பில் இருந்தவள் மேற்கொண்டு கேட்கவில்லை. "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள். சுவரோர நாற்காலிகளில் இரண்டு காலியாக இருந்தன. நடுவில் ஒரு கனத்த மனிதர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் போய், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, நாங்க ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கோம்" என்றார்.